கிளாசிக் 350: குலசேகரம் மேட்டிலும் ஆரல்வாய்மொழிக் காற்றிலும் மூன்று வருடம்

ஆடி மாதத்தில் காவல்கிணறு பக்கமிருந்து நாகர்கோவிலுக்கு பைக்கில் வந்திருக்கிறீர்களா? முப்பந்தல் காற்றாலைகள் தொடங்கும் இடத்தில் காற்று எதிரே வந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். ஐந்தாம் கியரில் எழுபதில் வந்த வண்டி தானாக அறுபதுக்கு இறங்கும், ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தம் கூடுமே தவிர வேகம் கூடாது. அந்த இடத்தில் ஒரு கியர் இறக்கி, நாலாம் கியரில் எஞ்சினை நன்றாகச் சுற்றவிட்டு, ஆரல்வாய்மொழி தாண்டி தோவாளை வரைக்கும் அப்படியே வர முடிகிறதா, வந்து இறங்கினபிறகு உள்ளங்கை மரத்துப் போகாமல் இருக்கிறதா, இதுதான் என் வரையில் ஒரு 350 சிசி வண்டிக்கு உண்மையான பரீட்சை. என்னுடைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 இந்தப் பரீட்சையில் மூன்று வருடமாகத் தேறுகிறது. அது ஏன் தேறுகிறது என்பதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதப் போகிறேன், ஏனென்றால் இந்த வண்டியைப் பற்றி நம்ம ஊர் டீக்கடைகளில் பேசுவதில் பாதி தப்பு.

வாங்கினது 2022 தொடக்கத்தில், புது ஜே சீரிஸ் எஞ்சின் உள்ளது. இன்றைக்கு 31,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. வீடு குலசேகரம், வேலை நாகர்கோவிலில், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். போக வர அறுபது கிலோமீட்டர் ஆகும், கடும் மழை என்றால் பஸ். சனி ஞாயிறில் பேச்சிப்பாறை பக்கம் உள்ள எங்கள் சின்ன ரப்பர் விளைக்குப் போவேன், திரும்பி வரும்போது பின்னால் மனைவி, அவள் மடியில் ஒரு பை, சில நாள் பக்கத்தில் ஒரு ஏத்தன் வாழைக்குலையும் கட்டித் தொங்கும். ஆக இது வார இறுதியில் துடைத்து வெளியே எடுக்கிற வண்டி இல்லை, உழைக்கிற வண்டி.

எனக்கு இந்த ஆசை வந்ததே சித்தப்பாவிடமிருந்துதான். அவரிடம் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் இருந்தது, கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஸ்டார்ட் பண்ணுவதே ஒரு முறை: ஆம்பியர் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை மெதுவாக ஒரு தடவை இறக்கி, அப்புறம்தான் முழு உதை. அது நின்ற இடத்தில் ஐடிலில் ஓடும்போது முன் மட்கார்டு தனியாக ஆடிக்கொண்டிருக்கும். சித்தப்பா அதைக் காட்டித்தான் சொல்வார், "மக்கா, வண்டி இப்படி நடுங்கணும்டே, அதுதாம் இழுப்பு." நானும் அதை வெகுகாலம் நம்பினேன். புது கிளாசிக் வாங்கி வீட்டு முற்றத்தில் நிறுத்தினபோது அவர் டேங்கில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இது நடுங்கவே இல்லையே, இழுக்குமாலே?" என்று கேட்டார். அவர் மட்டும் இல்லை, ஊரில் பாதிப் பேர் அதையேதான் கேட்டார்கள்.

சரி, முதலில் கணக்கு. 2009-இல் வந்த முதல் கிளாசிக் 350-இல் இருந்த எஞ்சின் 346 சிசி, போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம்) 90 மில்லிமீட்டர், வால்வுகளைப் புஷ் ராடு என்ற நீளக் கம்பி வைத்துத் திறக்கும் அமைப்பு, கம்ப்ரஷன் (உள்ளே வந்த காற்றை அழுத்தும் விகிதம்) 8.5-க்கு 1. 2020-இல் பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது அதில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் சேர்த்தார்கள், 4000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 4000 சுற்றில்) 28 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது திருப்பு விசை. நடுக்கத்தைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட் என்ற தண்டு கிடையாது. ஜே சீரிஸ் எஞ்சின் 2020 நவம்பரில் அதே கம்பெனியின் மீட்டியார் 350-இல் முதலில் வந்தது, கிளாசிக்குக்கு 2021 செப்டம்பரில். இது 349 சிசி, போர் 72, ஸ்ட்ரோக் 85.8, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் மேலே சிலிண்டர் ஹெட்டிலேயே இருக்கிறது, கம்ப்ரஷன் 9.5-க்கு 1, கூடவே ஒரு பேலன்சர் ஷாஃப்ட். டார்க் அதே 4000 ஆர்பிஎம்மில் 27. ஆக, காகிதத்தில் பார்த்தால் புதுசுக்கு ஒரு நியூட்டன் மீட்டர் குறைவு. இந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் "ஸ்ட்ரோக்கைக் குறைச்சிட்டான், இழுவை போச்சு" என்று சொல்கிறார்கள்.

ஸ்ட்ரோக் நீளமானால் டார்க் கூடும் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்றால், என் வகுப்பில் புல்லட் பிரியர்களான பையன்கள் திருப்பு விசை பாடம் நடத்தும்போதே கை தூக்கிச் சொல்வார்கள்: ஸ்ட்ரோக் நீண்டால் பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டின் கையும் நீளும், கை நீளமானால் விசையின் திருப்புத்திறன் கூடத்தானே செய்யும் சார், ஸ்பானருக்குக் குழாய் மாட்டுவது போல? கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அதே சிசிக்குள் ஸ்ட்ரோக்கை நீட்டினால் போர் சுருங்க வேண்டும், போர் சுருங்கினால் பிஸ்டனின் முகப்பு சுருங்கும், அதே அழுத்தத்துக்குப் பிஸ்டனைத் தள்ளும் விசையும் அதே அளவுக்குக் குறையும். கை நீண்டதில் கிடைத்தது விசை குறைந்ததில் போய்விடும். டார்க்கைத் தீர்மானிப்பது எவ்வளவு சிசி, அதற்குள் எரியும் வாயு சராசரியாக எவ்வளவு அழுத்தம் தருகிறது, இந்த இரண்டும்தான். இதற்குச் சாட்சி கேடிஎம்மின் 373 சிசி 390 டியூக். அதன் போர் 89, ஸ்ட்ரோக் வெறும் 60. பிஸ்டன் முகப்பு 62 சதுர சென்டிமீட்டர், நம்ம கிளாசிக்குக்கு 41 கூட வராது. அத்தனை குட்டையான ஸ்ட்ரோக்கை வைத்துக்கொண்டு அது 37 நியூட்டன் மீட்டர் தருகிறது. ஆனால் எங்கே தருகிறது? 7000 ஆர்பிஎம்மில்.

விஷயம் அந்த "எங்கே" என்பதில் இருக்கிறது. போர் பெரிதானால் பெரிய வால்வுகள் வைக்கலாம், நாலு வால்வு வைக்கலாம், எஞ்சின் அதிக ஆர்பிஎம்மிலும் மூச்சு முட்டாமல் காற்றை இழுக்கும். ஸ்ட்ரோக் குட்டையாக இருந்தால் பிஸ்டன் ஒரு சுற்றுக்குப் போகும் தூரம் குறைவு, அதனால் 9000 வரைக்கும் பயமில்லாமல் சுற்றலாம். நீண்ட ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அது முடியாது. கிளாசிக் 6100-இல் சுற்றும்போதே பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 17 மீட்டரைத் தாண்டிவிடும், கேடிஎம் 9000-இல் சுற்றும்போது 18 மீட்டர், கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆகவே மேலே போக முடியாது என்று ஆனபிறகு வடிவமைப்பவர் என்ன செய்வார், இரண்டே வால்வு, குறுகலான காற்றுப் பாதை, இன்லெட் வால்வைச் சீக்கிரமே மூடும் கேம், இப்படி எல்லாவற்றையும் குறைந்த ஆர்பிஎம்முக்கு ஏற்றபடி வைப்பார். குறுகலான பாதையில் குறைந்த வேகத்திலும் காற்று விசையாக உள்ளே பாயும், பெட்ரோலோடு நன்றாகக் கலக்கும், சிலிண்டர் நிறையும். புல்லட்டின் இழுவை என்று நாம் சொல்வது இதைத்தான். நீண்ட ஸ்ட்ரோக் அதற்கு ஒரு துணை.

பேச்சிப்பாறையைத் தாண்டி கோதையாறு பக்கம் ஏறும் பாதையில் இதை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். இரண்டு பேர், பை, குலை, எல்லாமாக ஏறும்போது மூன்றாம் கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வளைவுக்குள் நுழைந்து, நடுவில் கொஞ்சம் முறுக்கினால் போதும், கியர் இறக்க வேண்டிய அவசியம் வராது, டுக் டுக் என்று ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழுந்தபடி ஏறிவிடும். வண்டி மட்டும் 195 கிலோ என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். என் சக ஆசிரியர் ஒருவர் 390 டியூக் வைத்திருக்கிறார், அதே வளைவில் அவர் இரண்டாம் கியருக்கு இறங்கி எஞ்சினைக் கத்தவிட்டால்தான் வேலை ஆகும், ஆனால் அப்படிக் கத்தவிட்டால் என்னைத் தாண்டி எங்கேயோ போய்விடுவார். இரண்டுமே நல்ல எஞ்சின்தான், கேள்வி நீங்கள் எப்படி ஓட்ட விரும்புகிறீர்கள் என்பது.

இங்கே ஃப்ளைவீல், அதாவது கிராங்க்கோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம், அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், யாரும் இதைப் பேசுவதில்லை. ஒற்றைச் சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் எரிப்பு. ஐடிலில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு எட்டு எரிப்பு. அந்த எட்டு எரிப்புக்கும் இடையில் எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கச் செய்வது கிராங்க்கிலும் ஃப்ளைவீலிலும் உள்ள கனம், அதாவது அதன் நிலைமத் திருப்புத்திறன். அந்தக் கனம் கூடுதலாக இருந்தால் கிளட்ச்சை விடும்போது எஞ்சின் சட்டென்று அணையாது, டிராஃபிக்கில் ஆக்சிலேட்டரைத் தொடாமலேயே முதல் கியரில் ஊர்ந்து போகலாம். வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் மாலை ஆறு மணிக்கு எனக்கு இந்தக் குணம் கொடுக்கும் நிம்மதியை வார்த்தையில் சொல்ல முடியாது. ஆனால் ஃப்ளைவீல் சேர்த்து வைக்கும் ஆற்றல் சுற்று வேகத்தின் இருமடிக்கு ஏற்றபடி கூடும், குறையும். பாதி வேகத்தில் சுற்றினால் கால்வாசி ஆற்றல்தான் கையில். அதனால்தான் ஐந்தாம் கியரில் முப்பத்தைந்தில் முறுக்கினால் வண்டி உதறும், செயின் லடலட என்று அடிக்கும். "புல்லட் எந்த கியரிலும் இழுக்கும்" என்று பெருமைக்காக அப்படி ஓட்டாதீர்கள். இழுக்கும், ஆனால் ஒவ்வொரு அடியும் செயினிலும் பின் சக்கரத்து ரப்பரிலும் விழும். ஒரு கியர் இறக்கினால் ஒன்றும் குறைந்துபோகாது.

இனி அந்த நடுக்கம். பிஸ்டன் மேலும் கீழும் போய் வருவது கிட்டத்தட்ட சீரிசை இயக்கம், ஊசல் ஆடுவது போல. மேலே போய் நின்று திரும்பும் இடத்தில்தான் அதன் முடுக்கம் அதிகம், அந்த முடுக்கத்துக்கான எதிர்விசை முழுவதும் கிராங்க் கேஸ் வழியாக வண்டியின் சட்டத்துக்கு (ஃப்ரேமுக்கு) வரும். என் வண்டியின் 85.8 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்குக்கு 4000 ஆர்பிஎம்மில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அந்த முடுக்கத்தின் முதல் பகுதி (கிராங்க் வேகத்திலேயே ஆடும் பெரிய பகுதி) மட்டுமே புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 760 மடங்குக்கு மேல் வருகிறது. நொடிக்கு 66 தடவை இது மேலும் கீழும் திசை மாறுகிறது. அதோடு இது ஆர்பிஎம்மின் இருமடியாக ஏறும், 3000-இலிருந்து 4500-க்குப் போனால் ஒன்றரை மடங்கு இல்லை, இரண்டேகால் மடங்கு. பேலன்சர் இல்லாத நீண்ட ஸ்ட்ரோக் எஞ்சினில் ஐம்பது வரைக்கும் இதமாக இருந்த தாளம் எண்பதில் ஏன் கைக்குள் ஏறுகிறது என்பதற்கு இதுதான் காரணம். அதை யாருடைய குறையாகவும் நான் சொல்லவில்லை, அந்த வடிவத்தின் இயல்பு அது.

கிராங்க்கில் எதிர் எடை வைத்தால் சரியாகாதா என்று கேட்கலாம். வைப்பார்கள், எல்லா எஞ்சினிலும் உண்டு. ஆனால் பிஸ்டன் நேர்கோட்டில் போகிறது, எதிர் எடை வட்டத்தில் சுற்றுகிறது. முழுப் பிஸ்டனுக்கும் ஈடாக எடை வைத்தால் மேல் கீழ் ஆட்டம் போய் முன் பின் ஆட்டம் வந்துவிடும். அதனால் பாதி எடைதான் வைக்கலாம், அப்போது மிச்சம் இருப்பது வட்டமாகச் சுற்றும் ஒரு விசை, கிராங்க்குக்கு எதிர்த் திசையில். பேலன்சர் ஷாஃப்ட் என்பது இந்த மிச்சத்தைத் தீர்க்கத்தான்: கிராங்க்குக்குப் பக்கத்தில் இன்னொரு தண்டு, அதில் ஒருபக்கம் கனம், கிராங்க் சுற்றும் அதே வேகத்தில், எதிர்த் திசையில் சுற்றும். மிச்சமிருந்த பாதியை அது எடுத்துவிடும். ஒரு தண்டு, இரண்டு பேரிங், ஒரு கியர், அவ்வளவுதான் கூடுதல் செலவு. இழுவையை இது தின்றுவிடுகிறது என்று சொல்வதில் உண்மை இல்லை, அந்தத் தண்டு சுழல்வதில் போகும் உராய்வு மிகச் சொற்பம், எரிப்பு அழுத்தத்தை அது தொடுவதே இல்லை.

முழுக்க நடுக்கமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து போவதால் பிஸ்டனின் அசைவு சுத்தமான சீரிசை இயக்கம் இல்லை, அதில் இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் இன்னொரு சிறிய பகுதி உண்டு, முதல் பகுதியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. கிராங்க் வேகத்தில் சுற்றும் பேலன்சரால் அதைப் பிடிக்க முடியாது. தொண்ணூறைத் தாண்டினால் ஃபுட்ரெஸ்ட்டில் ஒரு மெல்லிய குறுகுறுப்பு வருகிறதே, அதில் இதற்குப் பங்கு உண்டு. எனக்கு அது பிரச்சினையே இல்லை, ஏனென்றால் தக்கலை நாகர்கோவில் ரோட்டில் தொண்ணூறில் போக எனக்கு வேலையும் இல்லை, துணிவும் இல்லை. நாலுவழிச் சாலையில் மதுரை வரை நூறுக்கு மேலேயே போக வேண்டும் என்பவர்கள் வேறு வண்டி பார்க்கலாம்.

இப்போது முப்பந்தலுக்கே திரும்பி வருகிறேன், இந்த வண்டியில் நான் கண்ட பெரிய விஷயம் அங்கேதான் புரிந்தது. பழைய எஞ்சின் கிளாசிக்கை ஒரு நண்பரிடம் வாங்கி ஒரு வருடம் அவ்வப்போது ஓட்டியிருக்கிறேன். அதிலும் இழுவை இருந்தது, காகிதத்தில் ஒரு நியூட்டன் மீட்டர் கூடுதலாகவே. ஆனால் எதிர்க்காற்றில் நாலாம் கியருக்கு இறங்கி நாலாயிரத்தில் சுற்றவிட்டால் இரண்டு நிமிடத்தில் மனசு "போதும், கியரை ஏற்று" என்று சொல்லும், ஏற்றினால் ஆர்பிஎம் இறங்கும், வேகமும் இறங்கும். ஆக டார்க் உச்சத்தில் இருக்கும் இடத்தில் எஞ்சினை வைத்திருக்க நம் கையும் உடம்பும் விடாது. புது எஞ்சினில் அதே நாலாயிரத்தில் இருபது நிமிடம் வைத்துக்கொண்டு வரலாம். (வண்டியில் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, காதுக் கணக்குதான், ஆனால் மூன்று வருடத்தில் காது பழகிவிட்டது.) 27 என்பதில் 27-உம் என் கைக்கு வருகிறது. 28-இல் எனக்கு உபயோகப்பட்டது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். அதிர்வைக் குறைப்பதும் இழுவையைக் கூட்டும் ஒரு வழிதான் என்று நான் அன்றைக்குத்தான் நினைத்தேன். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், 195 கிலோ கனம் அந்த இடத்தில் ஒரு வரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கவாட்டில் அடிக்கும்போது சின்ன வண்டிக்காரர்கள் ரோட்டின் பாதி வரைக்கும் நகர்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன், பயமாக இருக்கும்.

நடுவில் ஒரு தடவை நன்றாகப் பயந்தேன். 18,000 கிலோமீட்டர் வாக்கில் ஊரில் ஒரு பட்டறையில் செயின் செட் மாற்றிவிட்டு எடுத்து வந்தேன், மறுநாளே ஐம்பதைத் தாண்டினால் காலுக்குக் கீழே நறநற என்று ஓர் அதிர்வு. போச்சு, பேலன்சர் பேரிங் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான் என்று முடிவே பண்ணிவிட்டேன். தக்கலையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் எதையும் கழற்றவில்லை. "சாரே, ஐம்பதுல ஐந்தாம் கியர்ல போங்க, அப்புறம் அதே ஐம்பதுல மூணாம் கியர்ல போங்க, ரெண்டுலயும் அதே ஆட்டம் இருக்கான்னு பாத்துட்டு வாங்க" என்றார். பார்த்தேன், இரண்டிலும் ஒரே மாதிரி. "அப்போ அது எஞ்சின் இல்லை" என்று சிரித்தார். கியர் மாறும்போது எஞ்சின் சுற்றும் வேகம் மாறுகிறது, சக்கரம் சுற்றும் வேகம் மாறவில்லை, ஆட்டமும் மாறவில்லை என்றால் கோளாறு சக்கரத்திலோ செயினிலோதான். செயினைத் தேவைக்கு மேல் இறுக்கி வைத்திருந்தார்கள். ஆள் உட்கார்ந்தால் பின் சஸ்பென்ஷன் இறங்கி செயின் இன்னும் இறுகும், அதற்கு இடமே விடவில்லை. தளர்த்தி, சக்கரத்தை இரண்டு பக்கமும் அளந்து நேராக வைத்துக் கொடுத்தார், ஐந்து நிமிட வேலை, காசு வாங்க மறுத்தார், நான் வற்புறுத்திக் கொடுத்தேன். இத்தனை வருடம் இயற்பியல் நடத்துகிற எனக்கு இந்தச் சோதனை தோன்றவில்லை என்பது இன்றைக்கும் உறுத்துகிறது. வண்டியில் அதிர்வு என்றால் யாரும் எஞ்சினைப் பிரிக்கச் சொல்வதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

மற்ற வண்டிகளோடு ஒப்பிட்டுக் கேட்பார்கள், அதனால் சுருக்கமாக. ஹோண்டா ஹைனஸ் சிபி 350, இதுவும் 2020-இல் வந்தது, 348 சிசி, ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 30 நியூட்டன் மீட்டர், அதுவும் 3000 ஆர்பிஎம்மிலேயே. பேலன்சர் ஒன்றுக்கு இரண்டாக வைத்திருக்கிறார்கள், சிலிண்டரைக் கிராங்க்கின் நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்து பிஸ்டன் பக்கச் சுவரில் உரசுவதையும் குறைத்திருக்கிறார்கள். மென்மை என்று மட்டும் பார்த்தால் அதற்குத்தான் முதல் இடம், தயங்காமல் சொல்வேன். நண்பரின் வண்டியை தேங்காய்ப்பட்டணம் கடற்கரை ரோட்டில் ஓட்டினேன், அறுபதில் எஞ்சின் ஓடுகிறதா என்றே சந்தேகம் வரும். ஆனால் அதன் கியர்கள் நீளமானவை, ஊர் வேகத்தில் மேல் கியர் வரை போகவே வேலை இல்லை, மேட்டில் நான் மூன்றில் ஏறும் இடத்தில் அதை இரண்டுக்கு இறக்கத் தோன்றியது. சக்கரத்துக்குப் போய்ச் சேரும் டார்க் என்பது எஞ்சின் தருவதைக் கியர் பெருக்கித் தருவது, எஞ்சின் எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

ஒரே சிலிண்டரை விட்டு இரண்டுக்குப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு ராயல் என்ஃபீல்டின் இரட்டைச் சிலிண்டர் இன்டர்செப்டர் 650. இதில் எனக்குப் பிடித்தது கிராங்க்கின் கோணம். இரண்டு பிஸ்டனும் சேர்ந்து ஏறி இறங்கும் 360 டிகிரி கிராங்க் என்றால் எரிப்பு சமமான இடைவெளியில் வரும், ஆனால் நடுக்கத்தைப் பொறுத்தவரை அது பெரிய ஒற்றைச் சிலிண்டர்தான். 180 டிகிரி என்றால் ஒன்று ஏற ஒன்று இறங்கும், முதல் பகுதி விசை கழிந்துவிடும், ஆனால் எஞ்சின் இடமும் வலமுமாக ஊசலாடப் பார்க்கும். இன்டர்செப்டரில் 270 டிகிரி: ஒரு பிஸ்டன் நுனியில் நின்று திரும்பும் நேரத்தில் மற்றது நடுவழியில் முழு வேகத்தில் இருக்கும். நான் மேலே சொன்ன இரண்டு மடங்கு அதிர்வெண் பகுதி இருக்கிறதே, ஒற்றைச் சிலிண்டரின் பேலன்சரால் பிடிக்க முடியாதது, அது இதில் தன்னாலேயே ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், முதல் பகுதிக்குப் பேலன்சர் இருக்கிறது. 52 நியூட்டன் மீட்டர் வேறு. எவ்வளவு அழகான யோசனை! ஒரு தடவை கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவில் வரை ஓட்டினேன், அந்த எஞ்சினுக்கு எண்பது என்பது நடைப்பயிற்சி. ஆனால் 200 கிலோவுக்கு மேல் கனம், எங்கள் விளைக்குப் போகும் செம்மண் இறக்கத்தில் மழைக்காலத்தில் அதைப் பிடித்து நிறுத்த எனக்குத் தெம்பு போதாது. விலையும் எனக்கு எட்டாது.

மற்றவை. மைலேஜ் எனக்கு 34-இலிருந்து 36, டேங்க் 13 லிட்டர், அதனால் வாரம் ஒரு தடவை பெட்ரோல். சீட் முன்னால் நன்று, பின்னால் மனைவிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் இறங்கி நிற்க வேண்டும். பிரேக் நம்பலாம், மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே குறுக்கே ஓடிவந்தவர்களை இரண்டு தடவை ஏபிஎஸ்தான் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) காப்பாற்றியது, என்னையும் சேர்த்து. கனம் காரணமாக வீட்டு முற்றத்தில் பின்னால் தள்ளி எடுப்பது மட்டும் கஷ்டம், உயரம் குறைந்தவர்கள் வாங்கும் முன் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும்.

சித்தப்பா போன ஓணத்துக்கு வந்திருந்தபோது சாவியைக் கொடுத்தேன். திற்பரப்பு வரைக்கும் போய்விட்டு வந்தார், முதல் அரை கிலோமீட்டர் கியர் என்று நினைத்து பின் பிரேக்கை மிதித்துக்கொண்டே போயிருக்கிறார், வலது கால் பழக்கம். திரும்பி வந்து வண்டியை நிறுத்திவிட்டு கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. "மேட்டுல மூணுலயே ஏறுதுடே" என்றார். பிறகு கையை விரித்துப் பார்த்து, "கையில ஒண்ணுமே தெரியலையே" என்றார். பாராட்டுகிறாரா குறைப்படுகிறாரா என்று நான் கேட்கவில்லை.

டெஸ்ட் டிரைவ் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ஷோரூம்காரர்கள் சமமான ரோட்டில் ஒரு கிலோமீட்டர் கூட்டிப்போய்த் திருப்பி விடுவார்கள், அதில் எதுவும் தெரியாது. பின்னால் ஒரு ஆளை ஏற்றிக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் இருந்தால் பார்வதிபுரம் மேம்பாலத்தில் காலை ஏழு மணிக்கு, நெரிசல் வருவதற்கு முன், நாலாம் கியரில் நாற்பதில் ஏறத் தொடங்கி மெதுவாக முறுக்கிப் பாருங்கள், உதறாமல் ஏறுகிறதா என்று. இறங்கினபிறகு மூன்றாம் கியரில் அறுபதுக்குக் கொண்டுபோய் ஒரு நிமிடம் அங்கேயே வைத்துக்கொண்டு, கைப்பிடியிலும் ஃபுட்ரெஸ்ட்டிலும் என்ன வருகிறது என்று கவனியுங்கள். அதே இடத்தில் அதே ஆளோடு ஹோண்டாவையும் எடுத்துப் பாருங்கள், ஒரே நாளில்.